களமும் கும்பலும்: சில கால்பந்துப் புத்தகங்களை முன்வைத்து



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவில் கால்பந்துப் புத்தகங்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் நம் அமைப்புக்குள்ளேயே சிலர் முகம் சுளித்தார்கள். பஞ்சமி நிலம் இருக்கிறது, கல்வி உதவித்தொகை இருக்கிறது, வன்கொடுமை வழக்குகள் வருடக்கணக்கில் தேங்கிக் கிடக்கின்றன. இதற்கிடையில் பந்தா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் யாருடைய நினைவில் இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியரோடு ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். புதிய ஊருக்குள் நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி கோயிலைப் பற்றியோ குளத்தைப் பற்றியோ இருக்காது. "நம்ம பிள்ளைங்க எங்க விளையாடுது?" என்றுதான் கேட்பார். அந்தப் பதிலிலிருந்தே ஊரைப் பாதி தெரிந்துகொள்வார்.

தமிழில் களம் என்ற சொல்லுக்கு நெல்லடிக்கும் இடம், போர் நடக்கும் இடம், ஆடும் இடம் என்று மூன்று பொருளும் உண்டு. நெற்களத்தில் நம் பாட்டன் பாட்டிகள் இரவெல்லாம் தாள் அடித்துக் கூலியாக மரக்காலில் அளந்து வாங்கினார்கள். அந்தக் களமே அறுவடை முடிந்ததும் ஊர்ப்பிள்ளைகளின் விளையாட்டுத் திடலாக மாறும். அப்போது நம் பிள்ளைகளுக்கு அங்கே வேலையில்லை. உழைக்க உள்ளே, ஆட வெளியே. கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள பல ஊர்களில் காலனிப் பிள்ளைகளின் மைதானம் என்பது ஏரி வற்றும் மூன்று மாதம், இல்லாவிட்டால் சுடுகாட்டுப் பாதைக்குப் பக்கத்து மேடு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியின் துண்டறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தோம். ஊரின் பெயர் வேண்டாம். "ஓர் ஊருக்கு ஓர் அணி மட்டுமே" என்று போட்டிருந்தது. பார்த்தால் ஒழுங்கான விதி. ஊர் என்றால் ஊர்த்தெரு என்பது அதைப் படித்த எல்லோருக்கும் தெரியும். காலனி அணி நுழைவுக் கட்டணத்தோடு போனது, கட்டணத்தோடே திரும்பி வந்தது.

மலை மேல் கதை வேறு. 1976 வரை மூன்று ஜாகிர்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலையில், சமதளம் என்பதே அரிய பொருள். வெள்ளிமலைப் பக்கம் ஒருமுறை போனபோது, சாமை அறுத்த சரிவில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் பந்து உதைப்பதைப் பார்த்தோம். மேட்டுப் பக்கம் இருக்கும் அணிக்கு லாபம். பந்து தானாகவே கோலுக்கு உருண்டு போகும். அதனால் பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவதை அவர்கள் கறாராகக் கடைப்பிடித்தார்கள். அந்த நியாயம் கீழே சமவெளியில் இல்லை.

உண்மையைச் சொன்னால் நம் மாவட்டத்தில் கால்பந்து பெரிய ஆட்டமல்ல. கபடி, கைப்பந்து, கிரிக்கெட், அதன் பிறகுதான் கால்பந்து. பிறகு ஏன் கால்பந்துப் புத்தகங்கள்? யாருக்கு ஆட உரிமை, யாருக்குப் பார்க்க உரிமை, பார்க்க வந்தவர்களை அரசு என்னவென்று எழுதியது என்ற கேள்விகளை உலகில் அதிகம் எழுதிப் பார்த்தது இந்த ஆட்டத்தைச் சுற்றித்தான். நமக்குப் பயன்பட்ட சிலவற்றைச் சொல்கிறோம். முழுப் பட்டியல் தரும் எண்ணம் இல்லை.

முதலில் பிரேசில். மாரியோ ஃபிலோ என்ற பத்திரிகையாளர் 1947இல், பிரேசில் கால்பந்தில் கறுப்பர்களின் வரலாற்றைப் போர்த்துகீசிய மொழியில் எழுதினார். 2021இல்தான் அது ஆங்கிலத்தில் வந்தது. மரக்கானா விளையாட்டரங்கின் அதிகாரப்பூர்வப் பெயர் இவருடையதுதான். பணக்கார வெள்ளையரின் மன்றங்களில் பொழுதுபோக்காக இறங்கிய ஆட்டம் எப்படிக் கறுப்பர்களின் காலுக்கு வந்தது என்பதே நூல். அதில் நாம் திரும்பத் திரும்பப் படித்த பகுதி வாஸ்கோ ட காமா மன்றத்தைப் பற்றியது. போர்த்துகீசிய வியாபாரிகள் நடத்திய அந்த மன்றம் கறுப்பர்களையும் ஆலைத் தொழிலாளிகளையும் ஓட்டுநர்களையும் வைத்து 1923இல் ரியோ பட்டத்தை வென்றது. தோற்ற பெரிய மன்றங்கள் என்ன செய்தன? மறு ஆண்டு தனி அமைப்பு தொடங்கின. அதில் சேர வேண்டுமானால் பன்னிரண்டு ஆட்டக்காரர்களை நீக்க வேண்டும் என்றன. நிறத்தின் பெயரால் நீக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், மதிப்பான வேலை இருக்க வேண்டும் என்ற தகுதிகளை முன்னே வைத்தார்கள். 1924 ஏப்ரல் 7ஆம் தேதி வாஸ்கோவின் தலைவர் ஒரு கடிதம் எழுதினார்: அவர்களை விட்டுவிட்டு நாங்கள் வரமாட்டோம். தகுதி என்ற சொல் எப்போது, யாருக்கு எதிராக எழுந்து நிற்கிறது என்பதை மண்டல் காலத்தில் பார்த்த நமக்கு இந்தப் பக்கங்களுக்கு உரை தேவைப்படாது.

ஃபிலோ மேல் நமக்கு ஒரு குறையும் உண்டு. கால்பந்து இனப்பிரச்சினையைத் தீர்த்துவிடும் என்று முதல் பதிப்பில் மிகவும் நம்பிவிட்டார். 1950 உலகக் கோப்பையின் தீர்மான ஆட்டத்தில் உருகுவேயிடம் பிரேசில் தோற்றதும், பழி முழுவதும் கறுப்பு ஆட்டக்காரர்கள் மேல், குறிப்பாக பார்போசா என்ற கோல்காப்பாளர் மேல் விழுந்தது. 2000இல் சாகும்வரை அந்தப் பழியைச் சுமந்தார் அவர். 1964இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஃபிலோ சில அத்தியாயங்கள் கூடுதலாக எழுத வேண்டியிருந்தது.

இதோடு சேர்த்துப் படிக்க சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட 'பியாண்ட் எ பவுண்டரி'. அது கிரிக்கெட் புத்தகம், இருந்தாலும் விடமாட்டோம். அவர் இளமையில் இருந்த டிரினிடாட்டில் மன்றங்கள் தோலின் நிற அடுக்கின்படி பிரிந்திருந்தன: வெள்ளையருக்கு ஒன்று, கத்தோலிக்க வெள்ளையருக்கு ஒன்று, மாநிறத்தாருக்கு ஒன்று, கீழ் நடுத்தர கறுப்பருக்கு ஒன்று, ஏழைக் கறுப்பருக்கு ஒன்று. ஜேம்ஸ் கறுப்பர். படித்தவர் என்பதால் மாநிறத்தார் மன்றமான மேப்பிள் அவரைச் சேர்த்துக்கொண்டது. தன் மக்களின் மன்றமான ஷானனை விட்டுவிட்டு அங்கே போனது தன் அரசியல் வளர்ச்சியைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொள்கிறார். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை ஒரு விளையாட்டுச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் காண வேண்டுமானால் இந்த அத்தியாயம் போதும். படித்து வேலைக்குப் போய் நகர்ப்புற மன்றங்களில் சேர்ந்துகொண்ட நம்மில் சிலருக்கு அது கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

உருகுவேக்காரரான எடுவார்டோ கலியானோவின் கால்பந்து நூல் 1995இல் வந்தது. பக்கத்துக்கு ஒரு கதை, பேருந்தில் படிக்கலாம். 1916இல் சிலி நாடு உருகுவேயிடம் தோற்றுவிட்டு, எதிரணியில் இரண்டு ஆப்பிரிக்கர்கள் ஆடினார்கள் என்று முறையிட்ட கதை அதில் இருக்கிறது. அந்த இருவரும் உருகுவேயில் பிறந்தவர்கள், அடிமைகளின் கொள்ளுப்பேரன்கள். மாணவர்கள் தொடங்க இதுவே நல்ல நூல்.

இந்தியாவுக்கு வந்தால் போரியா மஜும்தாரும் கௌசிக் பந்தோபாத்யாயும் எழுதிய 'கோல்லெஸ்' (2006), நோவி கபாடியா எழுதிய 'பேர்ஃபுட் டு பூட்ஸ்' (2017) ஆகிய இரண்டும் கிடைக்கின்றன. தகவல் நிறைந்த நூல்கள். 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியதை இவற்றைப் படிக்காமல் புரிந்துகொள்ள முடியாது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடி பூட்ஸ் போட்ட வெள்ளையரை வென்றார்கள் என்பது தேசியத்தின் பெருமைக்கதை. அந்தப் பெருமையில் கை வைக்க நமக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த அணியினர் பெரும்பாலும் படித்த உயர்சாதிக் குடும்பத்தினர். அவர்களுக்கு வெறுங்கால் என்பது ஆட்ட முறை. அதே காலத்தில் இதே நாட்டில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும் என்று வைக்கப்பட்டிருந்தவர்களின் வெறுங்கால் எந்த வரலாற்று நூலிலும் கேடயம் வாங்கவில்லை. அந்த வழக்கம் நம் பக்கத்தில் எப்போது நின்றது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். பதில் 1911க்கு மிகவும் பிந்தியதாக இருக்கும்.

இனி ரசிகர்கள்.

தமிழில் ரசிகர் என்றால் முதலில் சினிமாதான். எம்.ஜி.ஆர். என்ற பிம்பம் ஏழைகளிடம் எப்படி வேலை செய்தது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் 'தி இமேஜ் டிராப்' நூலில் ஆராய்ந்தார். அது முக்கியமான நூல். ஆனால் அதில் ரசிகர் பெரும்பாலும் சிக்கிக்கொண்டவராகவே தெரிகிறார். அதே 1992இல் லண்டனில் நிக் ஹார்ன்பி 'ஃபீவர் பிட்ச்' வெளியிட்டார். பெற்றோர் பிரிந்த வீட்டுப் பையன், 1968இல் அப்பாவோடு ஆர்சனல் ஆட்டம் பார்க்கப் போகிறான். அதன் பிறகு அவன் வாழ்க்கையின் நாட்காட்டியே ஆட்ட அட்டவணையாகிவிடுகிறது. ரசிகர் தன்னைத்தானே கேலி செய்துகொண்டு, தன் பைத்தியத்தை உள்ளிருந்து எழுதுகிறார். நம் ரசிகர் மன்றத்துப் பையன் எவனாவது இப்படி எழுதியிருக்கிறானா? மன்றக் கொடிக்கம்பமும் அம்பேத்கர் படிப்பகப் பலகையும் ஒரே திண்ணையில் நின்ற தெருக்களில்தான் நாம் வளர்ந்தோம். முதல் நாள் முதல் காட்சிக்குப் போன அதே கூட்டம்தான் ஏப்ரல் 14 ஊர்வலத்துக்கும் வந்தது. அதை எழுத வேண்டியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள்.

ஹார்ன்பிக்கு இரண்டு ஆண்டு முன்பு பில் புஃபோர்டு என்ற அமெரிக்கர் ஆங்கிலேய வன்முறை ரசிகர்களோடு அலைந்து 'அமங் தி தக்ஸ்' எழுதினார். விறுவிறுப்பான நடை, ஒரே மூச்சில் படிக்கலாம். ஆனாலும் நாம் பரிந்துரைக்க மாட்டோம், குறைந்தபட்சம் தனியாகப் படிக்கச் சொல்லமாட்டோம். கூட்டத்தைக் காட்டு விலங்கைப் பார்ப்பதுபோல் பார்க்கும் ஒரு கண் அதில் இருக்கிறது. அந்தக் கண் என்ன செய்யும் என்பதை அடுத்த நூல் சொல்கிறது.

ஃபில் ஸ்க்ரேட்டனின் 'ஹில்ஸ்பரோ: தி ட்ரூத்', 1999. இந்தப் பேச்சுக்குக் காரணமே இந்த நூல்தான்.

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கும் அரையிறுதி. அக்காலத்து ஆங்கிலேய அரங்குகளில், நின்று பார்க்கும் மலிவு டிக்கெட் பகுதிகளைக் கம்பி வேலி போட்டுக் கூண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். ரசிகர்கள் என்றாலே கலகக்காரர்கள் என்பது அரசின் முன்முடிவு. வெளியே நெரிசல் கூடியதும், பொறுப்பிலிருந்த காவல் அதிகாரி ஒரு பெரிய வாயிற்கதவைத் திறக்க உத்தரவிட்டார். உள்ளே வந்தவர்களைப் பக்கத்துக் கூண்டுகளுக்குத் திருப்பிவிட யாரும் நிற்கவில்லை. ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுக்கூண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். வேலியில் நசுங்கியவர்கள் கதறியதைக் காவல்துறை முதலில் மைதானத்துக்குள் புகும் கலகமாகவே பார்த்தது. 97 பேர் இறந்தார்கள். கடைசியானவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் காயத்தின் பாதிப்போடு வாழ்ந்து 2021இல் இறந்தார். மிக இளையவனுக்கு வயது பத்து.

அதன் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். ரசிகர்களே கதவை உடைத்து நுழைந்தார்கள் என்று அந்த அதிகாரி பொய் சொன்னார். இறந்தவர்களின் உடலில் மது இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சிறுவர்கள் உட்பட. நான்காம் நாள் 'தி சன்' பத்திரிகை, குடித்த ரசிகர்கள் பிணங்களிடம் திருடினார்கள் என்று முதல் பக்கத்தில் எழுதியது, தலைப்பு, 'உண்மை'. ஸ்க்ரேட்டன் தன் நூலுக்கு அதே பெயரை வைத்தது அதனால்தான். காவலர்களின் வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்தன. அந்த விவரம் 2012இல் சுதந்திர ஆய்வுக் குழுவின் அறிக்கையில் முழுமையாக வந்தது. 164 வாக்குமூலங்களில் கை வைக்கப்பட்டிருந்தது. 2016 ஏப்ரல் 26 அன்று நடுவர் குழு, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்று சொன்னது. இருபத்தேழு ஆண்டுகள். அந்த ஆண்டுகள் முழுக்க அம்மாக்களும் அப்பாக்களும் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். லிவர்பூலில் இன்றும் பல கடைகள் அந்தப் பத்திரிகையை விற்பதில்லை.

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2024 ஜூன். கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே இருக்கும் கருணாபுரம். மெத்தனால் கலந்த சாராயப் பாக்கெட்டைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள், நம் மக்கள் அதிகம். பெண்களும் இறந்தார்கள். வரிசையாகப் பாடைகள் கிளம்பியபோது நம்மில் பலர் அந்தத் தெருவில் நின்றோம். மெத்தனால் எந்த வழியாக வந்தது, யார் கண்ணை மூடிக்கொண்டார்கள் என்ற கேள்வி ஒரு பக்கம் இருக்க, கைப்பேசிகளில் ஓடியது வேறு பேச்சு: குடிகாரனுக்குப் பத்து லட்சமா? இழப்பீட்டை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனுவே போடப்பட்டது. வழக்கை அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றியது. ஆனால் பேச்சு மாறவில்லை. பள்ளியில் ஒரு பிள்ளையைப் பார்த்து, "உங்கப்பா பத்து லட்சம் சம்பாதிச்சுட்டுப் போயிட்டாரு" என்று சக மாணவன் சொன்னதாக ஒரு தாய் எங்களிடம் சொல்லி அழுதார்.

ஹில்ஸ்பரோவில் இறந்தவர்கள் போதையால் இறக்கவில்லை. போதை என்று பொய் சொன்னார்கள். கருணாபுரத்தில் குடித்தது உண்மை. இரண்டையும் ஒன்றென்று சொல்லவரவில்லை. ஆனால் செத்தவரின் ஒழுக்கத்தை விசாரித்தால் உயிரோடிருப்பவரின் பொறுப்பை விசாரிக்க வேண்டியதில்லை என்ற உத்தி ஒன்றுதான். 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகச் சென்ற ஊர்வலத்தின் மேல் தடியடி நடந்தது. தாமிரபரணியில் பதினேழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்று எழுதினார்கள். ஏன் தண்ணீருக்குள் ஓடினார்கள் என்ற வரி அடங்கிப்போனது. கும்பல் என்ற சொல் வந்துவிட்டால் பெயர்கள் போய்விடும். ஸ்க்ரேட்டன் செய்தது பெரிய கோட்பாடு எதுவும் இல்லை. ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு குடும்பமாக, யார் எத்தனை மணிக்கு எந்தக் கூண்டில் நின்றார் என்று எழுதினார். சமூகவியல் மாணவர்கள் அந்த முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும். கருணாபுரத்துக்கு அப்படி ஒரு நூல் இன்னும் இல்லை.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் மகிழ்ச்சியான நூல். சக் கோரும் மார்வின் குளோஸும் 2008இல் எழுதிய 'மோர் தேன் ஜஸ்ட் எ கேம்'. தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் அரசியல் கைதிகள் பந்தாட அனுமதி கேட்டார்கள். மறுத்தார்கள், தண்டித்தார்கள். மறுபடி கேட்டார்கள். சில ஆண்டு கழித்து அனுமதி கிடைத்ததும், மகானா கால்பந்துச் சங்கம் என்று அமைத்து, ஃபிஃபாவின் விதிப்புத்தகப்படியே லீக் நடத்தினார்கள். செயலாளர், நடுவர் குழு, மேல்முறையீட்டுக் குழு, எல்லாம் உண்டு. ஓர் ஆட்டத்தில் நடுவரின் தீர்ப்பை ஏற்காமல் ஓர் அணியினர் மைதானத்தில் படுத்துவிட்டார்கள். அதற்கு மாதக்கணக்கில் விசாரணை நடந்தது! கல்லுடைக்கும் கைதிகள், ஒருவருக்கொருவர் "மதிப்பிற்குரிய ஐயா" பாணியில் முறையாகக் கடிதம் எழுதிக்கொண்டு, சாட்சி கூப்பிட்டு வாதாடுகிறார்கள். சிரிப்பு வரும். பிறகு யோசித்தால், தமக்கு நீதி மறுத்த நாட்டில் நீதிமன்றம் நடத்திப் பழகினார்கள் என்பது தெரியும். தமிழ் வம்சாவளியினரான தம்பி நாயுடுவின் பேரன் இந்திரேஸ் நாயுடு அந்தத் தீவில் பத்தாண்டுகள் அடைபட்டிருந்தார். அவருடைய சிறை நினைவுகளும் நூலாக உண்டு. மண்டேலாவுக்கு ஆட மட்டுமல்ல, பார்க்கவும் அனுமதியில்லை. 2007இல் ஃபிஃபா அந்தச் சங்கத்தைக் கௌரவ உறுப்பினராக ஏற்றது.

இந்த நூல் எப்படிப் பிறந்தது தெரியுமா? கைதிகளின் கூட்டக் குறிப்புகளும் புகார்க் கடிதங்களும் பெட்டி பெட்டியாகப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருந்தன. கோர் அவற்றைத் திறந்து பார்த்தார். குறிப்பெழுதி வைத்ததால் வரலாறு வந்தது.

நம்மிடம் எழுதப்படாமல் கிடப்பவை ஏராளம். வடசென்னை வியாசர்பாடியின் கால்பந்தை பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' 2014இல் திரையில் காட்டியது. அங்கிருந்து தன்பால் கணேஷ் வந்தார். நந்தகுமார் சேகர் வந்தார். 2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அடித்த ஒரே கோல் அவருடையது. நாலரை ஆண்டாக அந்த வெற்றிக்குக் காத்திருந்த கொல்கத்தா ரசிகர்கள், வியாசர்பாடி எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத் தேடியிருப்பார்கள். அந்தத் தெருக்களைப் பற்றி ஒரு தமிழ் நூல் காட்டுங்கள் என்றால் நம்மால் முடியவில்லை. 1993 வரை நாமெல்லாம் ஒரே தென்னாற்காடு மாவட்டம். அந்தப் பழைய மாவட்டத்தின் கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குப் போனார். 2018இல் மணிப்பூரை வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதல்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றார்கள். மீனவக் குப்பங்களிலும் கூலி வீடுகளிலும் அரை டவுசர் போட்டு ஆட மகளை அனுப்பிய அம்மாக்கள் ஊரிடம் என்ன பேச்சு வாங்கினார்கள் என்பதை இன்னும் யாரும் கேட்டு எழுதவில்லை.

நம் இளைஞர் மன்றங்களில் வரவு செலவு நோட்டு ஒன்று இருக்கும். அம்பேத்கர் நினைவு சுழற்கோப்பைக்கு யார் எவ்வளவு கொடுத்தார், பந்து என்ன விலை, எந்த அணியை எந்த ஊரில் ஆட விடவில்லை, தகராறில் காவல் நிலையத்துக்கு யார் போனார். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கும்போது அது பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். இந்த ஆண்டு போக விடாதீர்கள். நம் படிப்பகத்தில் அதற்கென்று ஒரு பீரோ ஒதுக்கியிருக்கிறோம். திருப்பிக் கேட்டால் நகலெடுத்துக்கொண்டு திருப்பித் தருவோம்.

இங்கே சொன்ன புத்தகங்கள் அரங்கின் பின்புற மேசையில் இருக்கின்றன. எல்லாம் ஆங்கிலம்தான், ஒருவர் வாசிக்க மற்றவர் தமிழில் சொல்ல, கூட்டாகப் படிக்கலாம், நாங்கள் அப்படித்தான் படித்தோம். ஸ்க்ரேட்டனின் நூல் ஒரே ஒரு பிரதி. அதைக் கருணாபுரத்துத் தம்பிகள் இருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள், மற்றவர்கள் அவர்களுக்குப் பிறகு வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்துப் போகிறவர்கள் பெயரையும் ஊரையும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.